தவக்காலத்துத் திராட்சைச் சாறு

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய அண்ணனுக்கு ஊசி ஆரம்பித்த மறுவருஷமே காலை எடுத்தார்கள். ஊசி வந்தால் கால் போகும் என்று இவர் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

அதனால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்கச் சீனியைத் தொடமாட்டேன் என்று கோயிலில் நேர்ந்துகொண்டார். அவர் வேலை செய்யும் பாசிர் கூடாங் தொழிற்சாலைக் கேண்டீனில் கூட்டாளிகள் பாலும் சீனியும் தூக்கலான தே தாரிக் டீ வாங்கி நீட்டினாலும் வாங்கவில்லை.

"சாமியாராவே போயிடுவீங்க போல!" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வெறும் தண்ணீரோடு எப்படி அனுப்புவது? சூப்பர்மார்க்கெட்டில் ஒரு லிட்டர் திராட்சைச் சாறு பெட்டியைப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய பச்சை எழுத்தில் ‘சீனி சேர்க்கப்படவில்லை’. நான் ஒன்றும் ஏமாளி இல்லை, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சீனி, பதினைந்து கிராம். ஒரு நாளைக்கு அது என்ன பெரிய காரியம், பழத்தில் இருப்பதுதானே என்று நினைத்தேன். வேலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டி அவர் பைக்குள் போனது.

ஈஸ்டர் முடிந்த வாரம் பரிசோதனை முடிவு வந்தது. ஈஸ்டருக்குத் தைத்த சட்டையையே போட்டுக்கொண்டு சிரித்த முகமாக என்னோடு கிளினிக்குக்கு வந்தார். சீனி முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் ஊசிக்கு எழுதிவிட்டார்.

"நான் சீனியே தொடலம்மா, இதான் குடிக்கிறேன்," என்று பையிலிருந்த பெட்டியை எடுத்துத் தாதியிடம் காட்டினார். அந்தத் தமிழ்ப் பெண் அதைத் திருப்பி, சின்ன எழுத்தில் விரல் வைத்தாள்.

"அக்கா, இந்தப் பதினஞ்சு நூறு மில்லிக்கு. பெட்டியில அது மாதிரி பத்து இருக்கு. அவங்க சேர்க்கலன்னாலும் பழத்துச் சீனியும் சீனிதான்க்கா."

ஐயோ, தவக்காலம் முழுக்க நானல்லவா கொடுத்தனுப்பினேன்! அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்ப நான் சாமிக்கு வச்ச நேர்த்தி?" என்று மட்டும் அவளைக் கேட்டார். அவள் ஊசி போடும் விதத்தைக் காட்டத் தொடங்கினாள்.

தானே குத்திக்கொள்ள அவருக்குப் பயம். தினமும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"நீயே போடு," என்கிறார்.