பின் குத்தாத சேலை

மாமிக்குக் கடைசிச் சேலையை யார் உடுத்துவது என்பது, அவர் போவதற்கு ஐந்து வருடம் முன்பே முடிவாகிவிட்டது. வெள்ளைச் சேலை, நீலக் கரை. அலுமாரியின் மேல்தட்டில் பூச்சி உருண்டையோடு இருந்தது. அதைக் காட்டி, "என்ர மகள் உடுத்தட்டும்" என்றார். அப்போது அவருடைய காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவள், மருமகள் நான். மகள் வெள்ளவத்தையில் இருந்தாள். மாதம் ஒருமுறை கேக்கோடு வருவாள். கொட்டாஞ்சேனையில் மாமியோடு ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் கிடந்தவள் நான்.

மாமி மன்னார்க்காரி. மாமா போன பிறகு எங்களிடம் வந்தார். ஏழு பெற்று இரண்டைப் புதைத்தவர். ஊர் மாதா கோயிலில் நாற்பது வருடம் பீடத்துணி தோய்த்து, கரிப்பெட்டியால் ஸ்திரிக்கை போட்டவர். எத்தனையோ சுவாமிமார் மாறினார்கள், பெட்டி மட்டும் மாமியின் கையை விட்டுப் போகவில்லை. கொழும்பு அவருக்குப் பிடிக்கவேயில்லை.

"இஞ்ச காத்தும் டோக்கன் எடுத்துக்கொண்டெல்லோ வருது" என்பார்.

என்னோடு கோபம் என்றால், "உன்ர வாய்க்கும் ஒருக்கா ஸ்திரிக்கை போடோணும் பிள்ளை."

இதையெல்லாம் கொப்பியில் எழுதிவைத்தவளும் நான்தான். ஆனால் கீழ்மாடிச் சிங்கள அக்கா வந்தால், "மகே துவ" என்று, அதாவது 'என்ர மகள்' என்றுதான் தொடங்குவார். மாமிக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் இரண்டு அவைதான்.

ஞாயிறு பூசைக்குச் சேலை உடுத்திவிடுவது என் வேலை. பின் குத்த விடமாட்டார். "பீடத்துணிக்கு ஆரும் பின் குத்துறவையே? மடிப்புச் சரியெண்டா தன்பாட்டில நிக்கும்." முன்பக்கக் கொய்யகம் ஏழு மடிப்பு, ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். என் கை அதைப் பழக இரண்டு வருடம் எடுத்தது.

தொண்ணூற்றொரு வயதில், ஒரு காலை, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலையில் மகள், என் மச்சாள், அந்தச் சேலையோடு நின்றாள். நான் சுவரோடு நின்றேன். கொய்யகம் அவளுடைய விரலில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

"மச்சாள், பின் இருக்கே?"

கைப்பையில் நாலு இருந்தன. 'மாமிக்குப் பின் பிடியாது, தாங்கோ நான் உடுத்திறன்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் நாலையும் எடுத்துக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை அம்மா ஒருநாளும் தன்ர சீலையைத் தொடவிட்டதில்லை, மச்சாள். விருந்தாளி மாதிரிக் கதிரையில இருத்திப்போட்டு, 'மருமகள் உடுத்தினாத்தான் எனக்குச் சரி' எண்டுவா. எனக்குப் பத்திக்கொண்டு வரும். அண்டைக்குத்தான் முதல் தரம். பாத்தனீங்கள்தானே, பெட்டி மூடுமட்டும் ஒரு மடிப்பும் குலையேல்லை!"

பின் குத்தின மடிப்பு எப்படிக் குலையும்?

'மருமகள் உடுத்தினாத்தான் எனக்குச் சரி' என்ற அந்த ஒரு வசனம் மட்டும் என் கொப்பியில் இல்லை. அதையும் மாமி அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும்போதெல்லாம் அந்த நாலு பின்னுக்காக மாமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மச்சாளிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மாமிக்கு எப்படி உடுத்த வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.