ஆற்றங்கரை வீட்டில் மூன்று பேர்

இரண்டு கிழமையாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. போன சனிக்கிழமை, மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். "எங்கை அக்கா போனனீங்கள்? ஹொலிடேயோ?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? கடையில் நின்று சொல்கிற கதையா அது?

இங்கே சொல்கிறேன்.

எனக்கு இரண்டு அண்ணன்மார். பெரியண்ணை லண்டனில், சின்னண்ணை பாரிஸில். இருவரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. அம்மா பெரியண்ணையோடுதான் இருந்தார். ஒருநாள் மூளையில் இரத்தம் அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஒன்பதாம் நாள் போய்விட்டார். அந்த ஒன்பது நாளும் சின்னண்ணைக்கு எதுவும் தெரியாது. அவருக்கு அப்போதுதான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னோம். "பெத்த தாயைப் பாக்க விடாத ஆள் எனக்கு அண்ணனில்லை" என்றார். அன்றோடு சரி.

எப்படியாவது இவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று எனக்கு. மகள் இணையத்தில் தேடி ஒரு வீடு பிடித்துத் தந்தாள். இங்கிலாந்தில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு கிழமைக்கு. சாப்பாடு தரமாட்டார்கள், சாமான் வாங்கி நாமே சமைக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது. ஹோட்டல் என்றால் ஆளாளுக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பார்கள். ஒரே குசினி என்றால் எங்கே போவது?

ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லவில்லை. "நான் தனியத்தான் நிப்பன், நீங்களும் வாங்கோ" – இருவருக்கும் ஒரே பொய்.

பெரியண்ணை காலையிலேயே காரில் வந்துவிட்டார். பழைய காலத்து வீடு, கூரை தாழ்வு. உள்ளே வந்ததும் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். பின்னேரம் டாக்ஸியில் வந்து இறங்கிய சின்னண்ணை, வாசலில் அவரைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைக்கவேயில்லை.

"திரும்பிப் போக பஸ் இருக்கோ?"

"நாளைக்குக் காலமைதான் அண்ணை."

உள்ளே வந்தார். மறுநாள் காலை பஸ் வந்தது, போனது. அவர் போகவில்லை. எனக்கு எவ்வளவு நம்பிக்கை வந்தது தெரியுமா?

இரண்டு நாளும் மழை. ஆறு பெருகி, தோட்டத்துப் படியில் கடைசி இரண்டை விழுங்கிவிட்டது. வெளியே போக வழியில்லை. மேசையில் மூவரும் இருப்போம். "கறிக்கு உப்புக் காணுமோ, குறையோ எண்டு அவரைக் கேள்" என்பார் பெரியண்ணை. பக்கத்துக் கதிரையில்தான் 'அவர்' இருப்பார். "காணும் எண்டு சொல்லு" என்பார் சின்னண்ணை. நான் மொழிபெயர்ப்பாளர் – தமிழிலிருந்து தமிழுக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம் பெரியண்ணை செத்தல் மிளகாய் பொரித்தார். உடனே புகை அலாரம் அலறத் தொடங்கியது. சின்னண்ணை கதிரையில் ஏறி துவாயால் விசிற, பெரியண்ணை விழாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அலாரம் நின்றபோது இருவருக்கும் இருமலும் சிரிப்பும்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். சின்னண்ணை இறங்கி, சட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மாவும் இப்பிடித்தான் பொரிப்பா." பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, நேரே அவரைப் பார்த்து: "ஒம்பது நாள் அண்ணை. ஒரு போன் கோல் எடுக்க உங்களுக்கு மனம் வரேல்லையோ?"

பெரியண்ணை அடுப்பை நிற்பாட்டினார். என்னைப் பார்க்கவுமில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

ஏனென்றால், அவர் கோல் எடுக்கத்தான் இருந்தார். முதல் நாளே. தடுத்தது நான். "சொல்லாதேங்கோ அண்ணை, அவருக்கு ஏதும் நடந்திட்டா நாங்கள் என்ன செய்யிறது?" என்று மொன்றியலில் இருந்து அழுதது நான். ஒவ்வொரு நாளும் அவர் கேட்டார், ஒவ்வொரு நாளும் நான் மறித்தேன். பிறகு பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்? நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குசினியில் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சின்னண்ணை துவாயை மடித்துக் கதிரையில் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஆறு வருசம்," என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் உனக்குக் கோல் எடுத்து இவரைத் திட்டி அழுதனான். நீ கேட்டுக்கொண்டிருந்தனி. 'விடுங்கோ அண்ணை, மனத்தைத் தேத்துங்கோ' எண்டனி."

ஓம். அப்படித்தான் சொன்னேன்.

"இப்பவும் பார். இவர் வாறார் எண்டு எனக்குச் சொல்லேல்லை. ஆருக்கு என்ன தெரியவேணும் எண்டு நீதானே முடிவெடுக்கிறனி."

நோயாளிக்கு நோயை மறைக்கிறோம், பிள்ளைகளுக்குக் கஷ்டத்தை மறைக்கிறோம், ஊருக்கு எல்லாவற்றையும் மறைக்கிறோம். கேட்டால், அவர்களின் நல்லதுக்காம். அம்மாவைப் பார்ப்பதா வேண்டாமா என்பது சின்னண்ணை எடுக்கவேண்டிய முடிவு. அதை நான் எடுத்துக்கொண்டேன். இனி எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மறுநாள் காலை சின்னண்ணையின் பெட்டியைப் பெரியண்ணைதான் காரில் ஏற்றினார். நான் படியில் நின்றேன். சின்னண்ணை என்னைத் தாண்டிப் போய் முன் சீட்டில் ஏறினார். பெரியண்ணை மட்டும் திரும்பி வந்தார்.

"நீ சொல்லியிருக்கத் தேவையில்லை, பிள்ளை. எனக்கு அது பழகிப்போச்சு."

"எனக்குப் பழகேல்லை அண்ணை."

தலையாட்டிவிட்டுப் போனார். வளைவில் கார் திரும்பும்போது, சின்னண்ணை கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும் பெரியண்ணை சிரிப்பதும் தெரிந்தது.

மிச்ச மூன்று நாளும் அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். ஆறு வடிந்தது. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் ஒவ்வொரு நேரமும் மிஞ்சியது.

அடுத்த மாதம் பெரியண்ணை பாரிஸ் போகிறாராம். லண்டன் அண்ணிதான் சொன்னார். என் அழைப்பைச் சின்னண்ணை எடுப்பதில்லை. நான் அனுப்பும் மெசேஜைத் திறக்கிறார், பதில் இல்லை. சேர்த்துவைக்கப் போனேன், சேர்த்துவைத்தேன். அவர்களுக்குள் நான் இல்லை, அவ்வளவுதான். சரிப்பண்ண வழி இருப்பதாகவும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனப்பாரம் குறையும் என்று இதே பக்கத்தில் ஒருமுறை எழுதியிருக்கிறேன் – அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.