உள்ளே எத்தனை பேர்?

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் அன்று உள்ளே இருந்தவன் நான்.

என் பெயர் ரெனால்ட். வீடு தாராவி. வேலை சாஃப்ட்வேர். போன மார்ச்சில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நேராகச் செம்பூரில் ஒரு மீன் குளிர்கிடங்குக்குப் போனேன். அதன் கதவுக்கு நாங்கள் எழுதிய புது புரோகிராமைச் சோதிக்க வேண்டும். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி.

கதவைத் திறக்க என் புரோகிராம், டேட்டாபேஸில் இருந்து அனுமதி தரும் ‘ப்ரொசீஜர்’ என்ற சின்ன நிரலுக்கு இரண்டு விவரம் அனுப்பும். கார்டு நம்பர். உள்ளே எத்தனை பேர். வாசல் சென்சார் எண்ணி வைத்திருப்பதோடு அது பொருந்தினால்தான் கதவு திறக்கும். அத்தனை பேரும் வெளியேறிய பிறகுதான் மூடும்.

மதியம் 2.10. வாட்ச்மேன் வேலுச்சாமி அண்ணன் சாப்பிடப் போனார். நான் லேப்டாப்போடு உள்ளே நுழைந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

என் கார்டு நம்பர் அடித்தேன். ஆள், 1.

‘எண்ணிக்கை தவறு.’

மறுபடி அடித்தேன். அதே பதில்.

அவசரக் கைப்பிடியை இழுத்தேன். சும்மா சுற்றியது. மொபைலில் சிக்னல் இல்லை. லேப்டாப்பில் மட்டும் கேபிள் வழியாக நெட் வந்தது. எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் ரெபேக்காவை அதிலேயே கூப்பிட்டேன். பாண்டுப்பில் வீட்டில் இருந்தாள்.

“கதவு திறக்கல. ஒண்ணுன்னுதான் அனுப்புதேன்.”

“இங்க ரெண்டுன்னு இருக்கே. கூட யாரு?”

“யாரும் இல்ல. சென்சார் தப்பா எண்ணிருக்கும். நீயே ஒண்ணாக்கு.”

“மாத்திட்டேன்... இரு... அர்ரே, திரும்ப ரெண்டாயிட்டு.”

2.24. விரல்கள் மரத்துவிட்டன. தட்டச்சு செய்வதே சிரமம்.

அப்போதுதான் கேட்டது.

பீப்...

கதவை ஒட்டி, உள்பக்கக் கார்டு ரீடர். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

என் கார்டு என் கழுத்தில் இருந்தது.

பீப்... பீப்...

ரீடர் ஐந்தடி தூரம். அங்கே யாரும் இல்லை.

“ரெனால்ட்,” ரெபேக்காவின் குரல் இறங்கிவிட்டது. “ரெண்டுன்னே அனுப்பு. இப்பவே.”

கை வரவில்லை. அனுப்பினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பீப்...

2 அடித்தேன்.

கதவு திறந்தது.

பாய்ந்து வெளியே விழுந்தேன்.

கதவு மூடவில்லை. இன்னும் ஓர் ஆளுக்காகக் காத்திருந்தது.

நான்கு நொடி...

டிக்.

மூடிக்கொண்டது. 2.31.

மறுநாள் ரெபேக்கா அந்த பீப் சத்தத்துக்கு உரிய கார்டு நம்பரைத் தேடி எடுத்தாள். எப்போதோ ரத்தான கார்டு. பெயர் இசக்கிராஜ். அங்கே பெட்டி ஏற்றி இறக்கும் லோடராக இருந்தவர். மூன்று வருடம் முன்பு தீபாவளி லீவில் உள்ளே மாட்டி இறந்துபோனவர்.

அப்போது ஓடியது வேறு கம்பெனியின் பழைய புரோகிராம். அது ஆள் எண்ணிக்கையை அனுப்பவே இல்லையாம். அனுப்பாமல் விட்டால், ப்ரொசீஜர் தானாகவே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.

அன்று அவர் நாற்பத்தொரு முறை கார்டைக் காட்டியிருக்கிறார். நாற்பத்தொரு முறையும் பதிவில் இருந்தது ஒரே பதில்.

‘உள்ளே யாரும் இல்லை.’