விமானம் ஏறுமுன் ஒரு சைக்கிள்

இந்த ஊரில் மழைக்கு யாரும் ஒதுங்குவதில்லை. நம் பக்கத்தில் நாலு தூறல் விழுந்தாலே ஹைவே பாலத்துக்கு அடியில் பைக்குகள் அடைந்து நிற்கும். முன்பின் தெரியாதவர்கள்கூட வானத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். நெதர்லாந்தின் இந்தச் சிறு நகரத்திலோ, தலை நரைத்த பெண்மணி ஒருவர் முகத்தில் சாரல் அடிக்க அடிக்கச் சைக்கிளை மிதித்து என்னைக் கடந்து போகிறார். அவருக்குப் பின்னால் நான். என் பின்சீட்டில், மழைக்கோட்டுக்குள் சுருண்டபடி என் மகள். ஒதுங்கி நின்றால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

போன வாரம் பள்ளி வாசலில் இன்னொரு குழந்தையின் அம்மா என் சைக்கிளைக் காட்டி ஏதோ கேட்டார். ‘ஃபீட்ஸ்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. டச்சு மொழியில் சைக்கிளுக்கு அதுதான் பெயர். தப்பான இடத்தில் நிறுத்திவிட்டேன் போல என்று பதறி, அவசரமாக நகர்த்தினேன். அவர் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் மறுபடி சொன்னார். நன்றாக ஓட்டுகிறாயே, சின்ன வயதிலேயே பழகியதா என்றுதான் கேட்டாராம். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். உண்மையைச் சொல்லும் அளவுக்கு என் டச்சும் தேறவில்லை, ஆங்கிலமும் தேறவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

என் கணவர் எங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டார். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. நானும் மகளும் நாட்றம்பள்ளியில் மாமியாரோடு இருந்தோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். மொழித் தேர்வு, கல்யாணச் சான்றிதழ், மகளின் தடுப்பூசி என்று பயணத்துக்கான வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் போனில் அவர் கேட்டார்.

“எல்லாம் சரி செல்வி. சைக்கிள் கத்துக்கினியா?”

“இன்னா, வெளையாடுறீங்களா?”

“இல்ல. நான் விடியறதுக்குள்ள வேலைக்குப் போய்டுவேன். ஸ்கூல் தூரம், அந்தப் பக்கம் பஸ்சும் கெடையாது. பாப்பாவ யாரு கூட்டினு போவாங்க?”

அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. நான் படித்த காலத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் போனால்தான் அரசாங்க சைக்கிள் கிடைக்கும். நான் பத்தாவதோடு நின்று கம்பெனிக்குப் போனவள். கூடப் படித்தவர்கள் புது சைக்கிளில் வரிசையாகப் போனதைக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன் பிறகு சைக்கிளைத் தொடத் தோன்றவில்லை. முப்பத்தாறு வயதில், கீழே விழுந்தால் ஊரே பார்க்கும் என்ற பயம் வேறு. பக்கத்து லைனில் வேலை பார்க்கும் தோழி ஃபரீதாவிடம் சொன்னபோது, “இந்த பேஜாருக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்குற? ஞாயித்துக்கெழம வர்றேன்” என்றாள்.

திருப்பத்தூரில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்தேன். “ஏரோப்ளேன்ல போறவளுக்கு சைக்கிள் எதுக்கு? இன்னாமா கூத்து இது!” என்றார் மாமியார். ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஓர் இடம் உண்டு. தார்ச்சாலை இருக்கும், வீடு ஒன்றுகூட இருக்காது. ஆடு மேய்க்கும் அம்மாவைத் தவிரப் பார்க்க ஆளில்லை. ஃபரீதா சீட்டைத் தாழ்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் புடிக்க மாட்டேன். புடிச்சா நீ என்னத்தான் நம்புவ. மிதிக்காத. காலத் தூக்கிக்கினு எறக்கத்துல சும்மா உருளு. பயமா இருந்தா ஊனிக்க.”

முதல் ஞாயிறு முழுக்க உருண்டேன். அடுத்த ஞாயிறு மிதிக்கத் தொடங்கிய தெம்பில் பிரேக் இருப்பதை மறந்து, பிளாட் எல்லைக்கு நட்டிருந்த மனைக்கல் ஒன்றில் மோதி விழுந்தேன். மணிக்கட்டு உடனே வீங்கிவிட்டது. ஃபரீதா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியில் என் மனசுக்குள் ஓடியதை அவளிடம் சொல்லவில்லை. எலும்பு உடைந்திருந்தால் பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் போகாமலே இருந்துவிடலாம். மனசின் ஒரு ஓரம் அதற்கு ஆசைப்பட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குதான் என்றதும் பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

“ஏன்டி அழுவுற? ஒடையலன்னுதான சொல்றாரு!”

“அதுக்குத்தான்டி.”

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, போகவேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பியிருக்கிறேன் என்று. பல மாதங்களாக நெஞ்சில் கனத்துக் கிடந்த தயக்கம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இறங்கிவிட்டது. கை சரியானதும் மறுபடி போனோம். இம்முறை மிதித்தேன், திருப்பினேன், நிறுத்தினேன். ஃபரீதா புர்காவைச் சுருட்டிக்கொண்டு என் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். “ஓட்டு. என் வெயிட்டுக்கு உன் பொண்ணு கம்மிதான்.” ஆடு மேய்க்கும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, யாரும் குடியேறாத அந்தத் தெருக்களில் நாங்கள் இருவரும் வெயில் ஏறும்வரை சுற்றினோம்.

இந்தக் கோடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். முதல் நாள் காலை மாமியாருக்குப் பால் வாங்க அதே சைக்கிளை எடுத்தேன். இங்கே ஓட்டிய பழக்கத்தில் சர்வீஸ் ரோட்டில் வலப்பக்கமாகவே போக, எதிரே வந்த பால்வண்டிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். “ஏம்மா, ராங் சைடுல வர்ற!” சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கி, “பார்டோன்” என்றேன். டச்சுக்காரர்கள் மன்னிப்புக் கேட்கும் சொல். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். விடுமுறை முடிந்து இங்கே திரும்பிய மறுநாள் காலை, மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு சைக்கிள் பாதையில் இடப்பக்கமாகவே போயிருக்கிறேன். எதிரே வந்த பெரியவர் மணியடித்துக்கொண்டே நின்றுவிட்டார். வலப்பக்கம் வெட்டித் திருப்பினேன். என் வாயிலிருந்து வந்தது, “ஐயோ, பாக்கலங்க!”