பேசிக்கொண்டே அடித்த பந்து

அந்த கோல்ஃப் கிளப்பில் அவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் ரேடியோ. சலவை அறையில் வேலை. நீராவியும் சோப்பு வாசனையும் நிறைந்த அந்த அறையில் காலையில் வாயைத் திறந்தாள் என்றால், கடைசித் துண்டை மடித்து அடுக்கும் வரைக்கும் மூடமாட்டாள். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் ஒரு பக்கம் ஓடும். ஒன்று மற்றொன்றின் வழியில் குறுக்கிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆண்டவன் சிலருக்குக் கையில் வரம் கொடுக்கிறான், சிலருக்கு வாயில். இவளுக்கு மட்டும் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் வேலை செய்கிறவர்கள் விளையாடிக்கொள்ளலாம். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் அவளுடைய நாத்தனார், அங்கே சமையலறையில் இருப்பவள், ஒரு பழைய மட்டையை அவள் கையில் திணித்தாள். வீட்டுக்காரரைப் பற்றிய ஒரு புகாரின் பாதியில் இருந்தாள் இவள். புகாரை நிறுத்தவில்லை. "உங்கண்ணன் இருக்காரே, ஈரத் துண்டைக் கொண்டு போய்க் கட்டில் மேல..." என்று சொல்லிக்கொண்டே மட்டையைச் சுழற்றினாள். பந்து எழும்பி, புல்வெளியைத் தாண்டி, குழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்தின் காலடியில் போய் உட்கார்ந்தது. "...போட்டுட்டுப் போறார்டி" என்று வாக்கியத்தை முடித்தாள். நாத்தனார் கொடிக்கம்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். மற்ற நாளெல்லாம் ஊரார் வியர்வையைத் துவைக்கிறவள், அந்த ஒரு நாள் காலையில் மட்டும் பனிப்புல்லில் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே அவள் முகம் மாறிவிடும்.

இந்த வருஷம் அதற்குத்தான் ஆபத்து வந்தது. எல்லாரும் மிதித்தால் புல் தாங்காது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. உள்ளே வேலை செய்கிறவர்கள் ஒரு கட்சி, வெளியே புல்லையும் மரத்தையும் பார்க்கிறவர்கள் ஒரு கட்சி. கட்சிக்கு ஒருவராக ஒன்பது குழி ஆட வேண்டும். குறைந்த அடியில் பந்தை உள்ளே போடுகிறவருக்கு அந்தக் குழி. அதிகக் குழிகளை யார் ஜெயிக்கிறார்களோ, இனிமேல் திங்கட்கிழமை அவர்கள் கட்சிக்கு. தோற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். வெளிக்கட்சிக்காகப் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவன் வந்தான். அவனை மிஷின் என்பார்கள். உள்கட்சியில் யார் என்று யாரும் கேட்கவே இல்லை. அத்தனை பேரும் சலவை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். தங்கமான மனுஷர். பெண்டாட்டிக்கு உதவ வேண்டும் என்று ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு வந்து, அவள் அடிப்பதைக் கைபேசியில் படம் பிடித்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இங்க பாரு. அடிக்கிறப்ப உன் தலை ஆடுது. தலையை ஆட்டாதே."

"உங்க கடை நாற்காலின்னு நினைச்சீங்களா?"

"சிரிக்காதம்மா. முழங்கையும் வெளிய போகுது. மணிக்கட்டைப் பாரு, தொங்குது. கொஞ்சம் யோசிச்சு அடி."

அவர்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம். அதனால் நம்பிவிட்டாள்.

போட்டியன்று மேலாளர்தான் நடுவர். கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ஆள் பந்து முன்னாடி நின்னுட்டா, சுத்தி நிக்கிற யாரும் மூச்சுக் காட்டக் கூடாது."

எல்லாரும் கப்சிப். ரேடியோவும் வாயை மூடிக்கொண்டாள். அத்தனை காலத்தில் அவள் மௌனமாக ஒரு பந்து அடித்ததில்லை. அந்த மௌனத்துக்குள்ளே தலை, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வரிசை கட்டி வந்து, என்னைப் பார், என்னைப் பார் என்று நின்றன. முதல் பந்து தண்ணீருக்குள் போனது. அடுத்தது மணல் பள்ளத்தில் புதைந்தது. முதல் மூன்று குழிகளும் மிஷினுக்கு.

மட்டைப் பையைத் தூக்கி வந்த நாத்தனார் கிட்டே வந்தாள். "என்ன அண்ணி, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நிக்கிறீங்க?"

"தலையை ஆட்டாம இருக்கப் பாக்குறேன்டி."

"இத்தனை நாளா ஆட்டாமலா அடிச்சீங்க?"

"யாருக்குத் தெரியும்? நான்தான் பேசிட்டு இருந்தேனே!"

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பிறகு நேராக மேலாளரிடம் போனாள்.

"ஐயா, சுத்தி நிக்கிறவங்க பேசக் கூடாது. சரி. அடிக்கிறவ பேசலாமா?"

மேலாளர் மோவாயைச் சொறிந்தார். "அடிக்கிறவங்க பேசக் கூடாதுன்னு எதுவும் இல்லம்மா. உங்க பந்து, உங்க வாய்." மிஷினைப் பார்த்தார். "உனக்குத் தொந்தரவாப்பா?"

"நான் நாள் பூரா என்ஜின் சத்தத்துல உக்காந்திருக்கேன் ஐயா. அக்கா சத்தம் எம்மாத்திரம்? நான் அடிக்கிறப்ப சும்மா இருந்தா போதும்."

அவ்வளவுதான். நாலாவது குழியில் பந்து முன்னால் நின்றவள் நாத்தனாரைப் பார்த்தாள். "ஏன்டி, போன மாசம் என் குக்கரை வாங்கிட்டுப் போனியே, திருப்பித் தந்தப்ப ரப்பரைக் காணோமே, அது எங்க..." பந்து பறந்தது. "...போச்சு?"

நாத்தனார் பதில் சொல்லத் துடித்தாள். மேலாளரின் விரல் உதட்டில் இருந்தது. பந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்து நின்ற பிறகுதான் வெடித்தாள். "ரப்பரே இல்லாமத்தான் குடுத்தீங்க!" கூட்டம் சிரித்தது. அந்தக் குழி ரேடியோவுக்கு.

குக்கர் முடிந்து குடை வந்தது, குடை முடிந்து நாத்தனாரின் குறட்டை வந்தது. மிஷின் அடிக்கும்போது மட்டும், சொன்ன சொல் தவறாமல், உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுவும் சாமான்யப் பாடில்லை. எட்டாவது குழி முடிந்தபோது கணக்கு சமமாகியிருந்தது.

கடைசிக் குழி. மிஷின் ஆடி முடித்துவிட்டான். குழிக்கு நாலு எட்டு தூரத்தில் அவள் பந்து. இதை ஒரே தள்ளில் உள்ளே போட்டால் திங்கட்கிழமை உள்கட்சிக்கு. குனிந்தாள். நாத்தனார்மேல் இருந்த குற்றச்சாட்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மௌனம் மெதுவாக உள்ளே வரப் பார்த்தது. கடவுளே, பேச ஒரு விஷயம் கொடு என்று மட்டும் கேட்டாள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

நிமிர்ந்தால், கூட்டத்தின் ஓரத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்காரர்.

"என்னங்க, வரும்போது அடுப்பை அணைச்சீங்களா?"

பேசக் கூடாதே. பாவம், அவர் வேகவேகமாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு சந்தேகம் வந்து பக்கவாட்டில் ஆட்டினார்.

"தலையை ஆட்டாதீங்க!" என்றாள் அவள், பந்தைத் தள்ளியபடியே.

பந்து உருண்டு போய்க் குழிக்குள் டொக்கென்று விழுந்தது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை. "அணைச்சீங்களா இல்லையா, சொல்லுங்க!" என்று கேட்டபடி அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.