ஆனைப்புளியின் அங்க அடையாளங்கள்

மரங்களுக்கு அங்க அடையாளம் எழுதுவது நிழலில் உட்கார்ந்து செய்யும் உத்தியோகம் என்று நம்பித்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். காட்டிலாகாவில் காலம் தள்ளியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், தாவரங்களைக் கணக்கெடுக்கும் சர்க்கார் வேலையில், சேலம் ஜில்லா என் பங்குக்கு வந்தது. என்னை அதிகம் அலையவைத்தது மல்லசமுத்திரத்துக்குப் பக்கம் ஒரு சோளக்காட்டில் நின்ற ஆனைப்புளி. ஆப்பிரிக்கக் காட்டு மரம். எந்தக் காலத்திலோ கடல் கடந்து வந்து இங்கே வேர் பிடித்துவிட்டது.

சுற்றளவு

முதல் நாளே என் நாடா பாதி மரத்தைக்கூடச் சுற்றவில்லை. கிணற்றுமேட்டிலிருந்து கயிறு வாங்கிவந்து சுற்றினேன். சாம்பல் நிறப் பட்டை, யானைத் தோல்போல அங்கங்கே மடிப்பு. அடிமரம் அவ்வளவு பருத்திருக்க, கிளைகள் மட்டும் குட்டையாக மேலே கைவிரித்து நின்றன. காட்டுக்குச் சொந்தக்காரி பாவாயம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர், கொழுந்தனார் பேச்சைத் தட்டாமல் பண்ணையம் பார்த்து வந்தார். கயிற்றின் மறுமுனையை எனக்காகப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க, இதுக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?"

பூ

பங்குனியில் ஓர் இலைகூட இல்லாமல் நின்ற மரம், மழைக்குப் பிறகு தழைத்தது. ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை, விரித்த உள்ளங்கை மாதிரி. பூதான் படுத்தியது. நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கும். பொழுது சாயும் வேளையில் வெள்ளையாக விரியும். மறுநாளே பழுப்பாகி உதிர்ந்துவிடும். நடுவில் மகரந்த இழைகள் குஞ்சம் கட்டினதுபோல் இருக்கும். அழகுதான், வாசனை மட்டும் கிட்டே போக விடாது.

ஈரத்துணியில் சுற்றி, கூடையில் வைத்து ரயிலில் பெரிய ஆபீசுக்கு அனுப்பினேன். துரை திருப்பி எழுதினார்:

"நீர் அனுப்பிய வாழைப்பழத்தோல் கிடைத்தது. பூ எப்போது வரும்?"

கட்டை

தை மாதம் காய் பறிக்கப் போனேன். சுரைக்காய் அளவு, மேலெல்லாம் வெல்வெட்டுபோல ரோமம், உள்ளே புளிக்கும் மாவு. மரத்தடியில் திருச்செங்கோட்டு மர வியாபாரி ரம்பமும் கோடாலியுமாக நின்றார், பக்கத்தில் பாவாயம்மாளின் கொழுந்தனார். தன் மகள் கல்யாணத்துக்குள் வீட்டுக்கு விட்டம் போடவேண்டும் என்று கொழுந்தனார் மரத்தை அறுக்கப் பேசி முடித்துவிட்டாராம். மழை வந்தால் ஆடுகளோடு பாவாயம்மாள் ஒண்டுவது அந்த மரப்பொந்தில்தான். கொழுந்தனாரிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பஞ்சுக் கட்டைங்க. விட்டத்துக்கு ஆகாது, அடுப்புக்கும் ஆகாது" என்றேன். கொழுந்தனார் நம்பவில்லை. வியாபாரி கோடாலியால் ஒரு போடு போட்டார். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. பிடுங்கினால் ஈரநார் ஒட்டிக்கொண்டு வந்தது. "நட்டமா நிக்கற பூசணிக்காயி" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார். கொழுந்தனாரும் விட்டத்துக்கு வேம்பு பார்க்கக் கிளம்பினார்.

பாவாயம்மாள் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்:

"இந்தச் சங்கதிய எல்லா ஊரு யாவாரிங்களுக்கும் சொல்லிப்போடுங்க சாமி."

உத்தியோகக் காலம் முழுக்க மரங்களின் நல்ல குணங்களை எழுதிச் சம்பளம் வாங்கினேன். என்னால் ஒரு மரத்துக்கு நல்லது நடந்தது, அதன் கெட்ட குணத்தைப் போட்டு உடைத்த அன்றைக்குத்தான்.