ஜப்பான் புத்தகமும் மூன்றாம் விதியும்

எங்கள் காமிக்ஸ் வாசகர் சங்கத்துக்கு ஏழு விதிகள் இருந்தன. ஏழையும் எழுதியவன் நான். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வருகைப்பதிவு குமாஸ்தா. காலையில் ஆட்கள் உள்ளே வருவதைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் அதே ஆட்கள் வெளியே போவதைக் குறித்துக்கொள்கிற உத்தியோகம். அப்படிப்பட்டவனிடம் விதி எழுதச் சொன்னால் ஏழோடு நின்றதே பெரிய விஷயம்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. ராயபுரத்தில் ஒரு சந்து முனையில் இருந்த தையல் கடையில் சங்கம் கூடும். கடைக்காரரை நாங்கள் பாய் என்போம். அவர் கடையில் மின்விசிறி ஓடியதால் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமாக இல்லை. மாதம் ஒரு புது இதழ் வாங்கி, வரிசை வைத்து ஆளுக்கொரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போவோம். முதல் நாள் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவன் அன்றைக்குத் தெருவில் நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தோம். அதில் காமிக்ஸ் செய்திகள் எழுதுவது என் பொறுப்பு. அடுத்த இதழில் எந்த நாயகன் வருகிறான், எந்த வில்லன் தப்பித்தான், ஏஜென்ட்டுக்குப் புத்தகக் கட்டு எப்போது வந்து இறங்கும், எல்லாம் அதில் இருக்கும். பேப்பரில் வருகிற செய்தியை நம்பாதவர்கள்கூடப் பலகையில் இருப்பதை நம்பினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

முதல் விதி: சங்கத்தில் சாதி, மத, மொழி வித்தியாசம் கிடையாது. எங்களுக்கு இதில் ரொம்பப் பெருமை. செயலாளர் கத்தோலிக்கர், ரயில்வே சரக்கு ஆபீஸில் வேலை. பாய் முஸ்லிம். புளியந்தோப்பிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற பௌத்தர் ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இரண்டு பேர். மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஆண்கள் என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அதுதான் விதியில் இல்லையே.

மூன்றாம் விதி: உறுப்பினராகச் சேர விரும்புகிறவர் சங்கத்தார் முன்னிலையில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். சும்மா மின்விசிறிக்காக வந்து உட்காருகிறவர்களைத் தடுக்க எழுதியது. ஐந்தாம் விதி: உறுப்பினர் அல்லாதவர் பெயரைப் பலகையில் எழுதக் கூடாது. இதை எதற்கு எழுதினேன் என்று இப்போது ஞாபகமில்லை. ஏழு வர வேண்டும் என்று எழுதியிருப்பேன்.

இந்த இரண்டு விதியும் ஒரே ஒருவரைத்தான் தடுத்தன. காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்காரம்மா. தெருத்தெருவாக விற்று முடித்துவிட்டு, சாயங்காலம் காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாய் கடை வாசற்படியில் உட்காருவார். என் அம்மா வயது இருக்கும். எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் காமிக்ஸ் என்றால் உயிர். பதினான்கு பேரும் படித்து முடித்த இதழைப் பாய் அவரிடம் கொடுப்பார். அந்தம்மா ஒவ்வொரு படத்தையும் அவ்வளவு நேரம் பார்ப்பார். நாங்கள் ஒரு பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்புகிற நேரத்தில் அவர் ஒரு கட்டத்தைக்கூட முடித்திருக்க மாட்டார்.

ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்.

"நைனா, என்னியும் சேத்துக்கோ. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். புச்சு வந்த அன்னிக்கி ஒரு தபா பொஸ்தகத்த என் கைல குடு. எல்லாரும் பாத்துட்டு எங்கிட்ட வர்சொல்ல மூக்கு இருந்தா காது இல்ல, காது இருந்தா அட்டை இல்ல. பேஜாரா கீது."

கேட்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் விதி இருந்ததே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் முன்னிலையில் தேர்வு வைத்தோம். அந்தம்மா புத்தகத்தை வாங்கி, முதல் கட்டத்தில் விரல் வைத்து, "இவன் ஏதோ திருட்டுத்தனம் பண்ணிட்டு வர்றான், மூஞ்சியே காட்டிக் குடுக்குது" என்று ஆரம்பித்தார். கதை அதுதான். ஆனால் கட்டத்தில் எழுதியிருந்தது "காலை வணக்கம், கேப்டன்."

"எம்மா, கதை சொல்லச் சொல்லல. படிக்கச் சொன்னோம்" என்றார் செயலாளர். அவர் கெட்டவர் இல்லை. சரக்கு ஆபீஸில் ரசீது இல்லாத மூட்டையைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டவர்.

அந்தம்மா புத்தகத்தை மூடி வைத்தார். "செரி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போல அதே படியில் வந்து உட்கார்ந்தார்.

இந்த நேரத்தில்தான் ஜப்பான் புத்தகம் வந்தது. செயலாளரின் மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புத் தாது ஏற்ற வந்த ஜப்பான் கப்பலில் ஒரு மாலுமிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, பதிலுக்கு இதை வாங்கி வந்திருந்தார். டெலிபோன் டைரக்டரி தடிமன். உள்ளே முழுக்கப் படக்கதை. மேலிருந்து கீழாகப் பூச்சி பூச்சியாக எழுத்து. ராயபுரத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அப்படியொரு புத்தகம் கையில் இருப்பதே எங்களுக்கு ஜுரம் வந்த மாதிரி இருந்தது.

முதல் அட்டையில் ஒருவன் சிரித்துக்கொண்டே பாட்டிலில் எதையோ குடித்துக்கொண்டிருந்தான். அவன்தான் நாயகன் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். முதல் கதை முழுக்கத் தேடியும் அவன் உள்ளே வரவில்லை. "சஸ்பென்ஸ் வெச்சிருக்கான். அடுத்த புக்ல வருவான்" என்றார் செயலாளர்.

அந்தக் கதையை நாங்கள் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஆராய்ந்தோம். ஆரம்பத்திலேயே ஒரு கிழவரைப் புதைக்கிறார்கள். சில பக்கம் தள்ளி அவர் பாயில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். அப்புறம் எழுந்து உட்காருகிறார். அப்புறம் கட்டுமஸ்தாகப் படகு வலிக்கிறார். நடுவே ஒரு மீன் வருகிறது. முதலில் குடல் எடுத்துத் தட்டில் கிடக்கிறது, பிறகு முழு மீனாகக் கூடையில் இருக்கிறது, கடைசியில் கடலில் நீந்துகிறது. கிழவருக்குச் செத்ததை எழுப்புகிற சக்தி இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். செயலாளர் கண் கலங்கிவிட்டார். "ஜப்பான்காரனுக்குக்கூட உயிர்த்தெழுதல் புரிஞ்சிருக்கு பாரு" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "உலக காமிக்ஸ் செய்தி! இறந்தவர் எழுகிறார், வெட்டிய மீன் நீந்துகிறது! ஜப்பான் நாட்டின் அதிசய நாயகன், நம் சங்கத்தில் மட்டும்!" தள்ளியிருக்கிற டோல்கேட் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம், படியில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவிடம் பாய் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். எங்களுக்கே படிக்கத் தெரியாத புத்தகத்துக்கு மூன்றாம் விதி பொருந்தாது என்பது அவர் கட்சி. அந்தம்மா இடது பக்கத்திலிருந்து நாலைந்து தாள் திருப்பினார். மீன் வந்த இடத்தில் நின்றார். முன்னே திருப்பினார், பின்னே திருப்பினார்.

"நைனா, இது இன்னா கதன்னு எய்தி வெச்சிகீறே?"

நான் பலகையைப் பார்த்துப் படித்துக் காட்டினேன்.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கொடலு எட்த்த மீனு கடலுக்குப் போயி நீந்துதா? நா முப்பது வர்சமா மீனு விக்கறேன். ஒண்ணாவது எந்திரிச்சித் திரும்பிப் போயிருந்தா எம்பொயப்பு இன்னாத்துக்கு ஆவறது?"

புத்தகத்தை அப்படியே கவிழ்த்தார். பின்னட்டை மேலே வந்தது. அதில் ஒரு படகில் அந்தக் கிழவர் இருந்தார். "இங்கேருந்துதான் ஆரம்பம். நீங்க வாலு பக்கம் புட்ச்சிகினு தலைய தேடிக்கினு கீறீங்க. கட்டமும் அப்டிதான். இந்தக் கைப்பக்கம் இருந்து அந்தக் கைப்பக்கம். பாரு, இங்க கைய ஓங்கறான், அப்பால அடிக்கறான். நீ சொல்ற மாதிரி பாத்தா அட்ச்சிட்டுதான ஓங்கணும்?"

பிறகு அந்தக் கிழவர் கதைக்கே வந்து, வலது பக்கத்திலிருந்து கட்டம் கட்டமாக விரல் வைத்துச் சொன்னார். கிழவர் கடலுக்குப் போகிறார், மீன் பிடிக்கிறார், மீனை வெட்டுகிறார், மழையில் நனைந்து நோய்ப்படுகிறார், சாகிறார். "கெய்வன் செத்துப் பூட்டான், அவ்ளோதான். இதுல ஒரு மாயமும் இல்ல. மவன் மூஞ்சிய பாரு, கடசி வரைக்கும் அப்பன்கிட்ட ஒரு வார்த்த நல்லதா பேசல. அதாம் கதை." பதினான்கு பேரில் ஒருவரும் அந்த மகனைக் கவனித்திருக்கவில்லை. நாங்கள் மீனை எழுப்புவதில் மும்முரமாக இருந்தோம்.

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தினம் காலையில் குர்ஆனை வலமிருந்து இடமாக ஓதிவிட்டுத்தான் கடை திறக்கிறவர் அவர். "யா அல்லா, எனக்கே தோணலியே!" என்றார். பாட்டில் குடித்தவன் சோடா விளம்பரம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அந்தம்மாவ இன்னிக்கே சேக்கணும். ஒரு பக்கம் என்னா, முழு கதையும் சத்தமா படிச்சிடுச்சி" என்றார் பாய். செயலாளருக்கு உயிர்த்தெழுதல் போன துக்கம். "எழுத்தப் படிச்சாதான் படிச்ச கணக்கு. விதின்னா விதி. ஞாயித்துக்கிழம பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ மொதல்ல செய்திய மாத்து, மானம் போவுது" என்றார்.

மாற்றினேன். நாலு வரி. "திருத்தம். ஜப்பான் புத்தகம் வலமிருந்து இடமாகப் படிக்கப்பட வேண்டியது. இதை நம் சங்கத்தார் தீவிர ஆராய்ச்சிக்குப் பின் கண்டறிந்தனர். மீன் நீந்தவில்லை." ஐந்தாம் விதி இருந்தது. அதைவிட, டோல்கேட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு மீன்காரம்மா எங்களுக்குப் பாடம் சொன்னார் என்று படிப்பதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுதான் உண்மைக் காரணம். விதி சும்மா துணைக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் கடையில் பாய் மட்டும்தான் இருந்தார். அந்தம்மா படியேறி வந்து பலகைக்கு முன் நின்றார். "புச்சா எய்திகீறியே, இன்னா எய்திகீறே? படி நைனா."

படித்தேன். நாலாவது வரி முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற முகம். சொல்லக் கூசுகிறது. பலகையைப் பார்த்தபடியே, படிக்கிற குரலிலேயே சேர்த்துச் சொன்னேன்: "இதை முதலில் கண்டுபிடித்தவர், நம் மதிப்புக்குரிய மீன்காரம்மா."

பாய் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். மறுபடி மெஷினில் குனிந்துகொண்டார்.

அந்தம்மா சிரித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எல்லோருக்கும் நல்லவனாக இருந்துவிட்டோம், செலவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் இன்னும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த மீன் படத்தைப் பார்த்த மாதிரியே.

"நைனா, நீ படிக்கசொல்ல மூச்சு வுட்டு மூச்சு வுட்டு அஞ்சி தபா சொன்னே. இங்க நாலு வரிதான் கீது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"டபாய்க்காத. எனக்கு எய்த்துதான் தெரியாது. கண்ணு தெரியும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. காசிமேட்டு ஏலத்தில் அவர் போடுகிற சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். எனக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சல் இந்த வயதில் இதை எழுதும்போதும் வருகிறது.

சாக்பீஸை எடுத்தேன். நாலாம் வரிக்குக் கீழே "இதை முதலில் கண்டுபிடித்தவர்" என்று எழுதிவிட்டு, "மீன்காரம்மா" என்று ஆரம்பித்தபோது அவர் கையை நீட்டி நிறுத்தினார். "இன்னா எய்தறே? சொல்லிகினே எய்து." சொன்னேன். "மீன்காரம்மான்னா இந்த ரோட்ல பத்து பேரு கீறோம். எம்பேரு எய்து."

நாலு வருஷமாக அவரிடம் மீன் வாங்குகிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேர் கேட்டேன். சொன்னார். எழுதினேன். ஐந்தாம் விதி ஞாபகம் வந்தது. அதற்காக, பெயருக்குப் பக்கத்தில் "உறுப்பினர்" என்றும் சேர்த்தேன். மூன்றாம் விதியைச் செயலாளர் வந்து கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தம்மா என்னை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. "பாயி, நீ வந்து படி" என்றார். பாய் எழுந்து வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் ஒரு வரியை முடிக்கும்போதெல்லாம் அந்தம்மா ஒரு விரலை மடக்கினார். ஐந்தாவது வரியில் தன் பேர் வந்ததும் கடைசி விரலையும் மடக்கி, அந்தக் கையை அப்படியே மூடி வைத்துக்கொண்டார்.

அந்த மாதத்துப் புது இதழ் அன்று மத்தியானம்தான் வந்திருந்தது. இன்னும் ஒருவரும் புரட்டவில்லை. வரிசைப்படி அது என் முறை. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கூடையைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே என் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அட்டையைத் திறந்தார்.